நீஸிலிருந்து சிங்க்வே தெர்ரே வரை: ரயிலா, வாடகைக் காரா?

பிரான்சின் நீஸ் நகரில் இறங்கி, மோனகோவை எட்டிப் பார்த்துவிட்டு, எல்லை தாண்டி இத்தாலியின் லிகூரியாக் கரையோரமாகவே சிங்க்வே தெர்ரே என்ற ஐந்து ஊர்த் தொகுப்பு வரை போவது என்று முடிவானதும் வீட்டில் கட்சி இரண்டாகப் பிரியும். "ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும், கடல் கூடவே வரும்" என்பது ரயில் கட்சி. "நாலு பேர், மூணு பெட்டி, கார்தான் சரி" என்பது கார் கட்சி. இரண்டு கட்சியுமே கணக்கில் விடுகிற ஒன்று உண்டு: இது மலை நேராகக் கடலில் இறங்குகிற கரை. ரயிலும் சரி, நெடுஞ்சாலையும் சரி, பாதி நேரம் சுரங்கத்துக்குள்தான் ஓடுகின்றன.

முதலில் ரயில். நீஸிலிருந்து எல்லைக்கு அப்பாலுள்ள வென்டிமிலியா வரை பிரான்சின் வட்டார ரயில் ஓடுகிறது. பகலில் பெரும்பாலும் அரைமணிக்கு ஒன்றாவது இருக்கும். பயணம் ஒரு மணி நேரத்துக்குள். வில்ஃபிரான்ஷ், போலியூ, ஏஸ், மோனகோ, மாந்தோன் என்று ஒவ்வொரு குடாவிலும் நின்று நின்று போகும். இருக்கை முன்பதிவு கிடையாது, டிக்கெட் எடுத்து ஏறிவிடலாம். கிழக்கே போகும்போது கடல் வலது பக்கம். மொத்தப் பாதையிலும் காசு கொடுத்த மனநிறைவு வருவது இந்தத் துண்டில்தான். வில்ஃபிரான்ஷ் விரிகுடா ஒரு சுரங்கத்துக்கும் அடுத்த சுரங்கத்துக்கும் இடையே திறந்து மூடுவதைப் பார்க்க விரும்புகிறவர்கள் காலை எட்டு மணி ரயிலை மட்டும் தவிர்த்துக்கொள்வது நல்லது. மோனகோவில் வேலை பார்க்கும் பெருங்கூட்டம் இரு பக்கமிருந்தும் அப்போதுதான் ஏறும். பெரிய பெட்டியோடு உள்ளே நுழைந்தால் நம்மைப் பார்க்கிற பார்வையே சரியிருக்காது.

வென்டிமிலியாவில் இறங்கி இத்தாலிய ரயிலுக்கு மாற வேண்டும். மார்செய்யிலிருந்து மிலான் வரை நேராக ஓடிய தெல்லோ ரயில் 2021-இல் நின்றுபோனது. ரயில் மாறுவதற்கு வெறும் நிர்வாகக் காரணம் மட்டுமில்லை. பிரான்ஸ் பக்கம் தலைக்கு மேலே ஓடுவது 25,000 வோல்ட் மாறுமின்சாரம், இத்தாலிப் பக்கம் 3,000 வோல்ட் நேர்மின்சாரம். எல்லா எஞ்சினும் இரண்டையும் சாப்பிடாது. பிளாட்பாரம் மாறப் படி இறங்கி ஏற வேண்டியிருக்கும் என்பதால் இரண்டு ரயிலுக்கும் நடுவே அரைமணி விட்டுத் திட்டமிடுங்கள். வெள்ளிக்கிழமை என்றால் இன்னும் கொஞ்சம் விடலாம். அன்று அந்த ஊரில் பெரிய சந்தை, பிரான்சிலிருந்தே ரயில் ரயிலாக வந்து இறங்குவார்கள்.

வென்டிமிலியாவைத் தாண்டியதும்தான் ரயில் கட்சிக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. பழைய தண்டவாளம் அலைக்கு அருகிலேயே ஓடியது உண்மை. ஆனால் ஒற்றைத் தடத்தை இரட்டையாக்குவதற்காக அதைத் துண்டு துண்டாக மலைக்குள் தள்ளிவிட்டார்கள். ஒஸ்பெதலெத்தியிலிருந்து சான் லொரென்சோ வரை 2001-இல் உள்ளே போனது. அங்கிருந்து அந்தோரா வரை 2016 டிசம்பரில் போனது. இன்று சான்ரெமோ நிலையமே பூமிக்கு அடியில் இருக்கிறது. பிளாட்பாரத்திலிருந்து வெளியே வர நீண்ட சுரங்க நடைபாதையைக் கடக்க வேண்டும். இம்பீரியாவில் கடலோரம் இருந்த இரண்டு நிலையங்களும் மூடப்பட்டு, ஒரே புதிய நிலையம் வந்தது. ரயில் வேகமானது, ஜன்னல் இருட்டானது. அலாஸியோ பக்கம்தான் கடல் திரும்பக் கிடைக்கிறது, ஏனென்றால் அந்தோராவுக்கும் ஃபினாலே லிகூரேவுக்கும் இடையே இன்னும் பழைய ஒற்றைத் தடம். எதிர் ரயிலுக்காக நடுவழியில் காத்து நிற்பதும் இந்த இடத்தில்தான், அது வேறு கதை.

கைவிட்ட தண்டவாளம் வீணாகவில்லை. ஒஸ்பெதலெத்தி முதல் சான் லொரென்சோ வரை சுமார் 24 கிலோமீட்டருக்கு அது சைக்கிள் பாதையாகிவிட்டது. கடலை ஒட்டிய பழைய ரயில் பயணம் எப்படி இருந்திருக்கும் என்று தெரிய வேண்டுமானால் சான்ரெமோவில் ஒரு சைக்கிள் வாடகைக்கு எடுப்பதுதான் வழி. ரயிலும் இல்லை, காரும் இல்லை!

இனி கார். கார் கட்சி கேட்க விரும்பாத செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரான்சில் எடுத்து இத்தாலியில் விட்டுவிட்டுப் போகலாம் என்று கணக்குப் போட்டால், விடுகிற நாட்டுக்கான தனிக் கட்டணம் பல நேரம் வாடகையையே விழுங்கிவிடும். பிரெஞ்சு எண் பலகை உள்ள வண்டியை யாராவது திரும்ப ஓட்டிவர வேண்டுமே, அந்தச் செலவு நம் தலையில். எடுத்த இடத்திலேயே திருப்பி விடுவதாக இருந்தால் அந்தக் கட்டணம் இல்லை. ஆனாலும் எல்லை தாண்டப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லி ஒப்பந்தத்தில் எழுத வைக்க வேண்டும். சொல்லாமல் போய் அந்தப் பக்கம் இடித்துவிட்டால் காப்பீடு கைகழுவ வாய்ப்புண்டு. டெபாசிட்டுக்கு ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும் என்பதிலும் பல நிறுவனங்கள் விடாப்பிடி. ஆட்டோமேட்டிக் கியர் வேண்டுமென்றால் முன்பே கேட்டு வையுங்கள், அதற்கு விலையும் கூடுதல்.

இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் கிளம்புவதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துவிட வேண்டும். அது ஓராண்டு செல்லும். இத்தாலியில் அது இல்லாமல் ஓட்டிச் சிக்கினால் அபராதம். நம் ஊர் பழக்கத்துக்கு எதிராக வலது பக்கம் ஓட்டுவது ஒரு நாளில் கைவந்துவிடும். பழக நேரமாவது ரவுண்டானாதான்.

சாலையைப் பற்றிச் சொன்னால், பிரான்ஸ் பக்கம் ஏ8, எல்லை தாண்டினால் ஏ10, ஜெனோவாவுக்குப் பிறகு ஏ12. நீஸிலிருந்து சிங்க்வே தெர்ரேயை ஒட்டிய லெவந்தோ வரை சுமார் 280 கிலோமீட்டர், நெரிசல் இல்லாவிட்டால் மூன்று, மூன்றரை மணி நேரம். ரயிலில் மாறுகிற நேரத்தையும் சேர்த்தால் ஐந்து மணியை ஒட்டி வரும். மணிக்கணக்கில் கார் ஜெயிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏ10 என்பது சுரங்கம், பாலம், மறுபடி சுரங்கம். வெயிலும் இருட்டும் மாறி மாறிக் கண்ணில் அடிக்க, பின்னால் லாரி நெருக்க, ஓட்டுகிறவர் கடலைப் பார்க்கவே முடியாது. 2018 ஆகஸ்ட் 14 அன்று ஜெனோவாவில் இடிந்து 43 பேரைப் பலிகொண்ட மொராந்தி பாலம் இந்தச் சாலையில்தான் இருந்தது. அதே இடத்தில் ரென்சோ பியானோ வடிவமைத்த புதுப் பாலம் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. கடல் பார்த்தே போக வேண்டுமென்றால் கீழே ஆரேலியா சாலையில் ஊர் ஊராக ஊர்ந்துதான் போக வேண்டும். அப்போது அந்த மூன்று மணி நேரக் கணக்கு செல்லாது.

டோல்கேட்டில் ஒரு எச்சரிக்கை. இத்தாலியில் மஞ்சளில் டெலிபாஸ் என்று எழுதியிருக்கும் வரிசை சந்தாதாரர்களுக்கானது. தெரியாமல் நுழைந்துவிட்டால் பின்னால் எடுக்கவே கூடாது. உதவிப் பொத்தானை அழுத்திச் சீட்டு வாங்கிக்கொண்டு நகர வேண்டும்.

அதைவிடப் பெரிய பொறி, இத்தாலிய நகர மையங்களில் உள்ள போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வளையம். செட்டிஎல் (ZTL) என்று சுருக்கிச் சொல்வார்கள். வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு, அவ்வளவுதான் அடையாளம். தடுப்பும் இருக்காது, போலீஸும் இருக்காது, கேமரா மட்டும் எண்ணைப் படம் பிடிக்கும். ஹோட்டலைத் தேடிச் சந்துக்குள் இரண்டு முறை சுற்றினால் இரண்டு அபராதம். வெளிநாட்டில் வசிப்பவருக்கு 360 நாள் வரை நோட்டீஸ் அனுப்பச் சட்டத்தில் இடமிருக்கிறது என்பதால், பயணமே மறந்துபோன ஒரு காலைப்பொழுதில் அது வந்து சேரும். அதற்கு முன்பே, நம் முகவரியைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்கான கூலி என்று வாடகை நிறுவனம் தனியாக ஒரு தொகையைக் கார்டிலிருந்து எடுத்திருக்கும். பார்க்கிங் கோடுகள் பரவாயில்லை, புரிந்துகொள்ளலாம்: வெள்ளை இலவசம், நீலம் கட்டணம், மஞ்சள் நமக்கில்லை.

இத்தனையும் தாண்டிச் சிங்க்வே தெர்ரே வந்தால், அங்கே காருக்கு வேலையே இல்லை. மொந்தெரோஸ்ஸோ, வெர்னாட்சா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜோரே ஆகிய ஐந்து ஊர்களின் தெருக்களும் நடப்பதற்கானவை. வண்டியை ஊருக்கு வெளியே மேட்டில் நிறுத்த வேண்டும், அந்த இடமும் கொஞ்சம்தான். கார்க்காரர்களும் பெரும்பாலும் லெவந்தோவிலோ லா ஸ்பேசியாவிலோ வண்டியைப் போட்டுவிட்டு, அந்த இரண்டுக்கும் நடுவே ஓடுகிற உள்ளூர் ரயிலில்தான் ஏறுகிறார்கள். மூன்று நாள் தங்கினால் மூன்று நாளும் வாடகையும் பார்க்கிங்கும் ஓடிக்கொண்டிருக்கும், வண்டி நிழலில் தூங்கும்.

அப்படியானால் கார் எதற்குத்தான்? மலைக்கு. ரயில் பார்க்க முடியாதது அதுதான். ஏஸ் என்ற பெயரில் நிலையம் இருக்கிறது, ஆனால் அது கடல் மட்டத்தில் இருப்பது. படத்தில் பார்த்து ஆசைப்பட்ட அந்தக் கல் கிராமம் 400 மீட்டருக்கும் மேலே பாறை உச்சியில் இருக்கிறது. தத்துவவாதி நீட்சே ஏறிய பாதை என்று சொல்லி நடக்கலாம்தான். வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் செங்குத்து ஏற்றம், முட்டி வலிக்காரர்களை அழைத்துப் போகாதீர்கள். நீஸுக்கும் மாந்தோனுக்கும் இடையே ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஓடும் மூன்று கொர்னீஷ் சாலைகளில் நடுவிலுள்ளது ஏஸ் வாசலுக்கே கொண்டுபோய் விடும். உச்சியிலுள்ளது நெப்போலியன் காலத்தில் போட்டது, கடலையும் மோனகோவையும் பறவைக் கண்ணால் காட்டும். எல்லை தாண்டினால் ஹான்பரி தாவரத் தோட்டம், 1867-இல் தொடங்கியது. வென்டிமிலியாவிலிருந்து பத்துக் கிலோமீட்டர் உள்ளே தோல்சேஅக்குவா, 1884-இல் மொனே வரைந்த ஒற்றை வளைவுப் பாலம் அங்கேதான். இவற்றுக்குப் பேருந்து உண்டு, ஆனால் ஒரே நாளில் பேருந்தை நம்பி எல்லாவற்றையும் கோக்க முடியாது.

நான் சொல்வது இதுதான்: காரை நீஸில் ஒரே ஒரு நாள் எடுங்கள். காலையில் நடு கொர்னீஷில் ஏஸ், அங்கிருந்து மேலே ஏறி எல்லை, மதியம் தோட்டம், சாயங்காலம் தோல்சேஅக்குவா. இருட்டுவதற்குள் நீஸுக்கே திரும்பி வண்டியை ஒப்படைத்துவிட்டால் வேற்று நாட்டில் விடும் கட்டணம் இல்லை, நகர மையப் பொறியும் இல்லை. மறுநாள் பெட்டிகளோடு ரயில். நாலு பேர் என்றால் அந்த ஒரு நாள் வாடகை தலைக்குப் பெரிதாக வராது. ஒருவர், இருவர் என்றால் அந்த மலை நாள் அவ்வளவு மதிப்பானதா என்று யோசித்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையும் தள்ளுவண்டியும் வயதானவர்களும் சேர்ந்த குடும்பத்துக்கு மட்டும் நான் முழுக்கக் காரையே சொல்வேன். அப்போதும் சிங்க்வே தெர்ரேயை வெட்டிவிட்டு, பார்க்கிங் உள்ள ஏதாவது ஒரு ஊரில் தங்கி, அங்கிருந்து மற்ற இடங்களுக்குப் போய்வரும்படி சொல்வேன். ஏனென்றால் அங்கே கொர்னீலியா நிலையத்திலிருந்து ஊருக்கு 380 படி வரை ஏற வேண்டும், சின்னப் பேருந்தில் இடம் கிடைக்காத நாளில்.

ரயிலில் போகிறவர்கள் மறக்கக் கூடாதவை இரண்டு. இத்தாலிய வட்டார ரயிலுக்குக் காகித டிக்கெட் எடுத்தால் ஏறுமுன் பிளாட்பார இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள். போனில் எடுத்தால் செக்-இன் செய்யுங்கள். கையில் டிக்கெட் இருந்தும் அபராதம் கட்டியவர்கள் நிறையப் பேர். இத்தாலியில் வேலைநிறுத்தங்கள் முன்கூட்டியே அறிவிக்கப்படும். வாரநாள் வேலைநிறுத்தத்தில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை சில வட்டார ரயில்களை ஓட்டியே தீர வேண்டும், அந்த நேரத்துக்குள் கிளம்பிவிடலாம்.

திரும்பி வரும்போது, வென்டிமிலியாவை அடுத்து மாந்தோன்-கராவான் என்ற சின்ன நிலையத்தில் ரயில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கும். 2015 நவம்பரில் பிரான்ஸ் மீண்டும் தொடங்கிய எல்லைச் சோதனை இங்கேதான் நடக்கும், போலீஸார் பெட்டி பெட்டியாக ஏறி வருவார்கள். ஷெங்கன் விசா இருந்தாலும் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். அதைப் பெட்டிக்குள் அடியில் வைத்துவிட்டு, மேல் தட்டிலிருந்து பெட்டியை இறக்க எதிர் இருக்கைக்காரரின் உதவி கேட்கும்படி ஆகிவிடக் கூடாது.