கம்பெனி தந்த இலவச போன் கவுன்சலிங்: ஐந்துக்கு மூன்று

ஆபீஸில் கவுன்சலிங் தருகிறார்களாம், போகலாமா என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதிவைக்கிறேன். நான் பேசியது 2021 மே, ஜூனில். ஆறு செஷன், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். கைக்காசு செலவில்லை.

பெங்களூரில் ஓர் ஐடி கம்பெனியில் எனக்குப் பேரோல், அதாவது சம்பளக் கணக்குப் போடும் வேலை. வீடு அல்சூரில், ஒற்றைப் படுக்கையறை. அதில் கணவருக்கு மீட்டிங், ஹாலில் பையனுக்கு ஆன்லைன் வகுப்பு, எனக்கு அடுக்களை மேடை. கொரோனா இரண்டாம் அலை, மறுபடி ஊரடங்கு, காலை 6 முதல் 10 வரைதான் கடை. அதையெல்லாம் சமாளித்துவிட்டேன். வேலையைத்தான் சமாளிக்க முடியவில்லை. அந்த மாதச் சம்பளப் பட்டியலில் மூன்று பேர் இறந்திருந்தார்கள். கணக்கு முடிக்க வேண்டும், பிஎஃப் நாமினி யாரென்று பார்க்க வேண்டும், பிஎஃப்போடு சேர்ந்து வரும் இடிஎல்ஐ என்ற ஆயுள் இன்சூரன்ஸுக்கு 5 ஐஎஃப் படிவம் வாங்க வேண்டும். அப்போதுதான் அந்த இன்சூரன்ஸ் தொகையின் உச்சவரம்பை 6 லட்சத்திலிருந்து 7 லட்சம் ஆக்கியிருந்தார்கள். அதைச் சொல்ல ஒரு வீட்டுக்குப் போன் போட்டேன். எடுத்த பெண், "அவரு லேப்டாப்பை எப்போ திருப்பித் தரணும் மேடம்?" என்று கேட்டார். கேன்சல் செய்த செக் ஒன்று அனுப்புங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். குக்கர் விசில் அடித்தது. எழுந்து போய்ச் சாம்பாருக்குத் தாளித்தேன்.

அன்றிலிருந்து தூக்கம் போச்சு. ராத்திரி இரண்டு மணிக்கு விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்ப்பேன். 98. மறுபடி மாட்டினால் 97. ஒன்று குறைந்துவிட்டதே என்று படபடப்பு. தூங்குகிற பையன் விரலிலும் மாட்டிக்கொண்டிருந்ததைக் கணவர் பார்த்துவிட்டார். ஹெச்ஆர் அனுப்பிய பழைய மெயிலைத் தேடி எடுத்துக் கொடுத்தது அவர்தான்.

முதல் செஷன் வீண். எதிர்முனையில் இருந்தவருக்கு ஆங்கிலம், இந்தி மட்டும். ஆங்கிலத்தில் எனக்கு எக்செல் பற்றிப் பேச வரும், நெஞ்சை அடைக்கிறது என்று சொல்ல வராது. ஸ்ட்ரெஸ் என்றேன். அவரும் ஸ்ட்ரெஸ்ஸுக்கு உள்ளதைக் கொடுத்தார்: மூச்சுப் பயிற்சி, ஒரு யோகா வீடியோ. தமிழ் பேசுபவர் வேண்டும் என்று கேட்டதற்கு ஒன்பது நாள் காக்க வைத்தார்கள். அந்த மே மாதத்தில் ஒன்பது நாள்!

அப்புறம் வந்தவர் திருநெல்வேலிப் பேச்சு. வீட்டுக்குள் பேச இடமேது? மொட்டைமாடியில் தண்ணீர் டேங்க் நிழலில் உட்கார்ந்தேன். நான் முதலில் கேட்டது, இது ஹெச்ஆருக்குப் போகுமா என்று. எத்தனை பேர் பேசினார்கள் என்ற எண்ணிக்கை மட்டும்தான் போகும், பேர் போகாது என்றார். லேப்டாப் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அந்தம்மாகிட்ட வேற என்ன சொல்லணும்னு இருந்துச்சு உங்களுக்கு?" என்றார். டேங்க் நிரம்பி வழிந்து என் செருப்பு நனைந்தது, எழுந்திருக்கவில்லை. நன்றாக அழுதேன்.

அவர் சொன்னவை சின்னச் சின்ன விஷயங்கள். ஆக்ஸிமீட்டர் கணவரிடம் இருக்கட்டும், காலை ஒரு முறை, இரவு ஒரு முறை போதும். இறந்தவர் வீட்டுப் போன்களை ஒரே நாளில் அடுக்காதீர்கள், மேனேஜரிடம் சொல்லிப் பங்கு பிரியுங்கள். மேனேஜரிடம் கேட்டேன். இரண்டு நிமிடத்தில் சரி என்றுவிட்டார். ஒரு மாதமாக நான் வாயைத் திறக்கவே இல்லை.

இரண்டு மார்க் ஏன் குறைத்தேன்? ஒன்று, அந்த ஒன்பது நாளுக்கு. இன்னொன்று, ஆறு முடிந்ததும் கத்தரித்தாற்போல் நிறுத்தியதற்கு. ஏழாவதுக்குக் காசு. கூடவே ஓர் ஆப் தந்தார்கள், தினமும் காலை 9 மணிக்கு மனநிலை என்ன என்று முகப்படம் காட்டும். சிரிக்கிற முகத்தை அமுக்கிவிட்டு லாகின் செய்வேன்.

கம்பெனி தராதவர்களுக்கு 14416 இருக்கிறது. அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். கம்பெனி வழியாகப் போகிறவர்கள் பதிவுப் படிவத்தை அடிவரை இறக்கிப் பாருங்கள். மொழி என்ற கட்டம் கடைசியில் இருக்கும், நான் அதைப் பார்க்காமல் விட்டேன்.