ஓவிய அறையின் நடுவே ஒரு ஜமக்காளம்

அரசுப் பள்ளி ஒன்றில் வாரத்துக்கு மூன்று அரைநாள் ஓவிய வகுப்பு எடுக்கிறேன். 20-க்கு 20 அடி அறை, ஏழாம் வகுப்பில் 34 பிள்ளைகள். பெஞ்சில் உட்கார்ந்து வரையும் பிள்ளைக்குத் தன் தாளும் முன்னால் இருப்பவர் முதுகும்தான் தெரியும். முடித்ததும் என் மேசைக்கு வந்து "நல்லா இருக்கா மிஸ்?" என்று கேட்கும். நான் தலையாட்டினால் படம் பைக்குள் போய்விடும். பக்கத்தில் இருப்பவள் என்ன வரைந்தாள் என்று யாருக்கும் தெரியாது. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. 2022 ஜூனில் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி, எல்லோரும் கூடி உட்கார நடுவில் இடம் ஒழித்தேன்.

முதலில் விரித்தது பிளாஸ்டிக் பாய். துடைப்பது சுலபம், ஆனால் சிமெண்ட் தரையில் வழுக்கியது, ஓரம் சுருண்டு காலைத் தடுக்கியது. ஒரே பருவத்தில் கிழிந்தது. அடுத்து கோரைப்பாய். வெயில் காலத்தில் அந்தக் குளுமைக்கு ஈடே இல்லை. ஆனால் ஓவிய அறையில் தண்ணீர் சிந்தாத நாள் ஏது? ஐப்பசி மழையில் பாய் காயவே இல்லை, அடியில் கறுப்பாகப் பூசணம் பூத்துவிட்டது.

2023 பொங்கல் முடிந்து பவானி ஜமக்காளம் இரண்டு வாங்கினேன், 6-க்கு 9 அடியில். இன்றுவரை அவைதான். புவிசார் குறியீடு பெற்ற பருத்தி விரிப்பு இது. கைத்தறிக்கென்றே சட்டப்படி ஒதுக்கிய ரகம் என்றாலும் விசைத்தறித் துணியையும் அதே பெயரில் விற்கிறார்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடையில் வாங்குங்கள். கனமான விரிப்பு என்பதால் நகராது. பட்டை பட்டையாக நிறம் இருப்பது இன்னொரு வசதி. "சிவப்புப் பட்டையில உட்காருங்க" என்றால் வரிசை தானாக அமைந்துவிடும்.

வட்டமாக உட்கார வைத்துப் படங்களை நடுவில் பரப்பினேன். எதிர்ப்பக்கம் இருந்தவர்களுக்கு எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. அதனால் 'ப' வடிவத்துக்கு மாறினோம். திறந்த பக்கம் சுவரைப் பார்த்திருக்கும். அங்கே கயிறு கட்டி, துணி கிளிப்பில் படங்களை மாட்டுகிறோம். வகுப்பின் கடைசிப் பதினைந்து நிமிடம் அதற்குத்தான். வரைந்தவர் முதலில் பேசக் கூடாது, மற்றவர்கள் கண்ணில் பட்டதைச் சொல்ல வேண்டும். என் முறை கடைசியில்.

அரையாண்டு வரை வாயே திறக்காத ஒரு பையன் ஒருநாள் ஆலமரப் படத்தைப் பார்த்து, "விழுது இன்னும் தரையைத் தொடல. அப்போ இது சின்ன மரம்" என்றான். வரைந்தவள், "ஆமா, எங்க தாத்தா நட்டது" என்றாள். அந்தப் படத்தை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன், ஆனால் விழுதைக் கவனிக்கவில்லை. இப்போது அவன் ஒவ்வொரு வகுப்பிலும் பேசுகிறான். எல்லோருடைய கண்ணும் படத்தில் இருப்பதால் தன்னை யாரும் உற்றுப் பார்க்கவில்லை என்ற தைரியம் வருகிறது என்று நினைக்கிறேன்.

சரி, பராமரிப்பு. ஜமக்காளத்தின் மேல் வண்ணம் தீட்ட விடாதீர்கள்; பேசுவதற்கும் பென்சில் வேலைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போஸ்டர் கலர் சிந்தினால் உடனே பச்சைத் தண்ணீரில் அலசினால் போய்விடும். அக்ரிலிக் காய்ந்துவிட்டால் போகாது, எங்கள் ஜமக்காளத்தில் ஒரு நீலப் பொட்டு நிரந்தரமாகிவிட்டது. ஆயில் பேஸ்டல் துகளை ஸ்கேலால் சுரண்டிவிட்டு அப்புறம் சோப்பு போட வேண்டும். முதல் சலவையில் சாயம் இறங்கும் என்பதால் தனியாகத் துவையுங்கள். நனைந்தால் ஓர் ஆளால் தூக்க முடியாத கனம். நிழலில் காய இரண்டு நாள் ஆகிறது. அடைமழை மாதங்களில் துவைப்பதே இல்லை, உதறுவதோடு சரி.

நான் செய்த தவறு ஒன்று உண்டு. முழங்கால் மடக்க முடியாத ஒரு மாணவியைப் பின்னால் நாற்காலியில் உட்கார வைத்தேன். எல்லோரும் கூடும் இடத்தில் அவள் மட்டும் தனியாகிப் போனாள். இரண்டு வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. 'ப'வின் ஒரு கையை இப்போது தாழ்ந்த பெஞ்சாகவே மாற்றிவிட்டோம். அவளோடு இன்னும் மூன்று பேர் அங்கே உட்காருகிறார்கள், யார் அந்த மூவர் என்பது தினமும் மாறும். அந்த இடத்துக்குத்தான் இப்போது போட்டி.