துளைதான் சரக்கு: மூன்று உலோக நுரைகள்

கடலூரில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில், வினையூக்கிக்காக உலோக நுரை, அதாவது பஞ்சுபோல் துளைகள் நிறைந்த உலோகம், செய்ய வேண்டும் என்று முதுநிலை மாணவர்கள் இருவர் வந்தார்கள். "எந்த முறை நல்லது சார்?" என்றார்கள். வினை நடப்பது உலோகத்தின் பரப்பில்தான். அந்தப் பரப்பளவை மட்டும் பார்த்தால் கேள்வி ஒரு நொடியில் முடிந்துவிடும்: ரேனி நிக்கல்.

நிக்கலும் அலுமினியமும் கலந்த கட்டியைப் பொடித்துக் காஸ்டிக் சோடாவில் போட்டால், அலுமினியம் கரைந்து நிக்கல் சல்லடையாக எஞ்சும். முர்ரே ரேனி 1927-இல் காப்புரிமை பெற்ற வழி இது. கிராமுக்குச் சுமார் 100 சதுர மீட்டர் பரப்பு. ஆனால் இது தூள். வினை முடிந்ததும் வடிகட்டியாக வேண்டும். உலர்ந்தால் காற்றிலேயே தீப்பிடிக்கும். கத்திரி வெயிலில், மின்விசிறிக்கு அடியில், மாணவர் கையில் இதைக் கொடுக்க எனக்குத் துணிவில்லை.

கடையில் கிடைக்கும் நிக்கல் நுரையில் பரப்பு கிராமுக்கு ஒரு சதுர மீட்டர்கூடத் தேறாது. பாலியூரித்தேன் பஞ்சின் மேல் நிக்கல் முலாம் ஏற்றிப் பஞ்சை எரித்துவிடுகிறார்கள். சுவாமிமலை வார்ப்பில் மெழுகு போவதைப் போலத்தான். ஆனாலும் கத்தரிக்கோலால் வெட்டலாம், திரவம் தங்குதடையின்றி ஓடும், வேலை முடிந்தால் இடுக்கியால் எடுத்துவிடலாம்.

மாணவர்கள் மயங்கியது மூன்றாவதில், மின்சாரத்தால் வளர்க்கும் தாமிர நுரையில். லிட்டருக்கு 0.4 மோல் மயில்துத்தம் (தாமிர சல்பேட்டு), 1.5 மோல் கந்தக அமிலம். சதுர சென்டிமீட்டருக்கு 3 ஆம்பியர். பதினைந்தே நொடி. எதிர்மின்முனையில் ஹைட்ரஜன் கொப்பளிக்க, குமிழிகளைச் சுற்றித் தாமிரம் படிகிறது. ஆப்பத்தில் ஓட்டை விழுவதும் இப்படித்தான். வெளியே எடுத்தால் கரும்பழுப்பாக, வெல்வெட்டுத் துணிபோல் இருக்கும். விரல் பட்டால் உதிர்ந்துவிடும். கழுவும்போதே பாதியை இழந்தோம்.

ஒருநாள் வாலைவடிநீர் தீர்ந்துபோக, ஒருவர் உப்புக்கரிக்கும் ஆழ்குழாய் நீரில் கரைசல் கலக்கிவிட்டார். திட்ட வாயெடுத்தேன், அன்றைய நுரை உதிரவில்லை! குளோரைடு சேர்ந்தால் தாமிரக் கிளைகள் நுண்மையாகிச் சுவர் கெட்டிப்படும். அதற்காகக் கிணற்றை நம்ப முடியாது. இப்போது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அளந்து சேர்க்கிறோம்.

மரக்காணத்து உப்பிலும் நுரை வார்க்கலாம். அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகும், உப்பு 801-இல். உருக்கிய அலுமினியத்தை உப்புப் படுகைக்குள் அழுத்திச் செலுத்தி, இறுகியபின் உப்பை நீரில் கரைத்தால் போதும். எங்களிடம் உலை இல்லை.

என் தேர்வு கலப்படம்தான். நிக்கல் நுரைத் துண்டையே எதிர்மின்முனையாக மாட்டி அதன் மேல் தாமிரம் வளர்க்கிறோம். மின்சாரத்தைப் போட்ட பிறகே அமிலத்தில் இறக்க வேண்டும், இல்லையேல் நிக்கல் அரிபடத் தொடங்கும். ஐந்து நொடிக்கு மேல் கூடாது, துளை அடைத்துக்கொள்கிறது. சோதனைக்கு நைட்ரோபீனால் கரைசலில் சோடியம் போரோஹைட்ரைடு சேர்த்து, துண்டைப் போட்டோம். மஞ்சள் வெளிறி நிறமே இல்லாமல் போனது, வினையூக்கி வேலை செய்கிறது என்று பொருள். துண்டை எடுத்து அலசி, அடுத்த பீக்கரில் போட்டோம்.