மலையகத்து நூலகத்தில் ஒன்லைன் பிரசன்டேஷன்: சில வருட அனுபவம்

ஹட்டன் பக்கம் இருக்கும் எங்கள் பொது நூலகத்தின் வாசகர் வட்டத்தில் ஒன்லைனில் பிரசன்டேஷன் செய்ய ப்ரெசி, கென்வா, கூகுள் ஸ்லைட்ஸ் மூன்றையும் பாவித்துப் பார்த்துவிட்டோம். இப்போது நூலகத்துக்கு எது பொருத்தம் என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் கூகுள் ஸ்லைட்ஸ் என்பேன்.

முக்கிய காரணம் பிள்ளைகள். லிங்கை எடிட் அனுமதியோடு பகிர்ந்தால், மின்னஞ்சல் கணக்கே இல்லாத பிள்ளையும் நூலகக் கணினியில் உட்கார்ந்து தன் பங்கைச் செய்யலாம். ஒக்டோபர் வாசிப்பு மாதத்துக்கு மலையக வரலாறு செய்தபோது, தென்னிந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர்கள் மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்து வந்த பாதையை ஒரு குழு எடுத்தது, 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை தொடங்கியதை இன்னொரு குழு எடுத்தது. படங்களுக்கு ‘நூலகம்’ என்ற டிஜிட்டல் நூலக நிறுவனத்தின் இணையத்தளத்தில் பழைய மலையக இதழ்களைத் தேடினார்கள். இடையில் ஒரு சின்னவள் கைதவறி மற்றக் குழுவின் ஸ்லைட்டுகளை அழித்துவிட்டாள். அழுகையே வந்துவிட்டது அவளுக்கு. வேர்ஷன் ஹிஸ்ட்ரியில் போய் முந்தைய நிலையைத் திருப்பி எடுத்துக் காட்டிய பிறகுதான் முகம் தெளிந்தது.

பெரிய தலையிடி பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருதான். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கொண்டுவரும் கட்டுரைகள் பெரும்பாலும் அந்த எழுத்துருவில்தான் இருக்கும். அப்படியே ஒட்டினால் திரை முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். முதலில் யுனிகோட்டுக்கு மாற்றி, ஒருமுறை வாசித்துச் சரிபார்த்து, அப்புறம்தான் ஒட்ட வேண்டும். கென்வாவிலும் தமிழ் எழுத்துரு இருக்கிறது, ஆனால் அழகான டெம்ப்ளேட் பலவற்றின் எழுத்துரு ஆங்கிலத்துக்கு மட்டும்தான். தமிழைப் போட்டதும் வேறு எழுத்து வந்து, வரி உடைந்து, வடிவமே மாறிவிடும். நிகழ்ச்சி அறிவித்தல் போஸ்டருக்குக் கென்வா போதும், நன்றாகவே இருக்கும். ப்ரெசியின் சுழலும் ஓட்டம் முதல் நாள் கைதட்டல் வாங்கும், ஆனால் பின்வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்கு வாசிக்கவே முடியாது.

மழைக்காலத்தில் கரண்டும் சிக்னலும் சொல்லாமல் போகும். அதனால் முதல் நாளே பிடிஎஃப் ஆக இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள்வேன். பிடிஎஃப்பில் எழுத்துருவும் சேர்ந்தே போவதால் எந்தக் கணினியில் திறந்தாலும் தமிழ் கெடாது. அனிமேஷன் வராது, பரவாயில்லை. இணையம் இல்லாமலும் கூகுள் ஸ்லைட்ஸைத் திறக்க உதவும் ஒஃப்லைன் வசதியை நூலகக் கணினியில் போட வேண்டாம். அது பலர் பாவிக்கும் இயந்திரம், உங்கள் கோப்புகள் அதிலேயே தங்கிவிடும். சொந்த மடிகணினி என்றால் போடுங்கள், குரோமில் நன்றாக வேலை செய்கிறது. நூலகக் கணினியில் வேலை முடிந்ததும் சைன் அவுட் செய்தாயிற்றா என்று பிள்ளைகளிடம் கட்டாயம் கேளுங்கள்.

நகர சபைகளிடம் ஒன்று கேட்கிறேன். மல்டிமீடியா புரொஜெக்டரை அலுமாரியில் பூட்டி வைக்காதீர்கள். அதோடு ஒரு யுபிஎஸ்ஸும் கொடுத்து, சனிக்கிழமைகளில் தோட்டத்துப் பிள்ளைகள் பாவிக்க விடுங்கள்.