வேஸ்ட் வண்டிக்கு நாலு ஸ்டார்

தேனி மாவட்டத்தில் சின்னதாக ஒரு ரத்தப் பரிசோதனை லேப் நடத்துகிறேன். எங்கள் மருத்துவக் கழிவை எடுத்துப் போகும் நிறுவனத்தோடு இரண்டு வருடப் பழக்கம். பெயர் வேண்டாம், குறையும் சொல்லப் போகிறேன்.

முதலில் வண்டியோட்டி. ஒருநாள் விட்டு ஒருநாள் காலை ஏழரைக்கு வந்துவிடுவார். பையில் பார்கோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, தொங்கு தராசில் மாட்டி, ஸ்கேன் செய்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுவார். போன ஆடி மாதம் ஒருநாள், பிளாஸ்டிக் கழிவு போடும் சிவப்புப் பையைத் தூக்கியவர் அப்படியே படியில் வைத்துவிட்டார். "அக்கா, இதை எடுக்க மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம். குனிந்து பார்த்தால், பையின் ஓரத்தைக் குத்திக்கொண்டு அரை அங்குல ஊசி எட்டிப் பார்க்கிறது. புதிதாகச் சேர்ந்த பெண், குழந்தைகளுக்கு ரத்தம் எடுக்கும் பட்டாம்பூச்சி ஊசியை டியூபோடு சேர்த்துச் சிவப்பில் போட்டிருக்கிறாள். ஊசியை வெட்டி, ஊசிக்கென்றே இருக்கும் வெள்ளை டப்பாவில் போட்ட பிறகு டியூப் மட்டும்தான் சிவப்புக்குப் போக வேண்டும். சிவப்பில் போவதை எரிப்பதில்லை. ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலனில் வேகவைத்து, அரைத்து, மறுசுழற்சிக்கு அனுப்புவார்கள். அதற்குள் எத்தனை பேர் கை மாறுமோ. கிளறித் தேடுவது அதைவிட ஆபத்து என்பதால், பையை அப்படியே பெரிய வெள்ளை டப்பாவில் இறக்கி மூடினோம்.

அன்றைக்குத்தான் வண்டியோட்டியிடம், ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றக்கூடிய கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டேன். "ரெண்டு போட்டாங்கக்கா, மூணாவதுக்கு யாரும் கூப்பிடல." 2016 மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் அதைப் போட வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. பில்லை மட்டும் மாதம் தவறாமல் அனுப்பத் தெரிகிறது. நான் குறைக்கும் ஒரு ஸ்டார் இதற்காகத்தான். இரண்டு தடவை போன் செய்தேன், "பார்க்கிறோம் மேடம்" என்றார்கள். இன்னும் பார்க்கிறார்கள்.

அவர்கள் தரும் வெள்ளை டப்பாவும் சுமார்தான். ஊசி டப்பா குத்தினாலும் கிழியக் கூடாது, ஒருமுறை பூட்டினால் திறக்கக் கூடாது. இவர்களுடைய மூடியை நகத்தால் நெம்பினாலே கழன்று வருகிறது. நான் இப்போது தனியாக வாங்கிக்கொள்கிறேன், முக்கால் பாகம் நிரம்பியதும் பூட்டிவிடுகிறோம். மஞ்சள், சிவப்புக் கவர்கள் பரவாயில்லை, கனமானவை.

அப்புறம் பொங்கல். நாலு நாள் வண்டியே வரவில்லை. லேபோ அரை நாளாவது திறந்திருந்தது. ரத்தம் தோய்ந்த பஞ்சு கிடக்கும் மஞ்சள் பையை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. தாண்டினால் யாருக்கும் பாதிப்பு வராமல் பார்த்துக்கொண்டு, காரணத்தையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பையைப் பூட்டிய அறையில் மூடித் தொட்டிக்குள் வைத்துவிட்டு மெயில் அனுப்பினேன். காரணம் என்ற இடத்தில் 'பொங்கல்' என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது.

இவர்களிடம் சேர்வதானால், பண்டிகை நாட்களில் வண்டி வருமா என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியோட்டிக்கு மட்டும் தனியாக ஸ்டார் போட இடமிருந்தால் அஞ்சும் போடுவேன்.