4.5 மி.மீ. ஏர் ரைஃபிள் பெல்லட்: கடலூர், புதுச்சேரிக்காரர்கள் எதை வாங்கலாம்?

துப்பாக்கிக்குப் பல மாதம் யோசித்துச் செலவு செய்பவர்கள்கூட, அதில் போடும் சிறிய ஈயக் குண்டான பெல்லட் என்று வரும்போது கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிற டப்பாவை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பிறகு இலக்கு அட்டையில் ஓட்டைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தால் குறிபார்க்கும் சைட்டைத் திருகுகிறார்கள், ஸ்பிரிங்கைக் குறை சொல்கிறார்கள். முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது பெல்லட்டைத்தான்.

பத்து மீட்டர் ரைஃபிள் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். பெல்லட்டின் ஓரம் அதைத் தொட்டாலே 10.0 கிடைக்கும். ஆனால் இப்போது எண்ணுவது தசமக் கணக்கு: மையத்திலிருந்து ஒவ்வொரு 0.25 மி.மீ. விலகலுக்கும் 0.1 புள்ளி போகும். உச்சம் 10.9. அறுபது குண்டுகளுக்கு முழு மதிப்பெண் 654. சராசரியாக ஒவ்வொரு குண்டும் கால் மில்லிமீட்டர் கூடுதலாக விலகினால் ஆறு புள்ளி காலி. பெரிய போட்டிகளில் இறுதிச் சுற்றுக்குப் போவதும் ஊருக்குத் திரும்புவதும் இதைவிடக் குறைந்த வித்தியாசத்தில்தான் முடிவாகிறது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றது இந்தப் பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். அவரைப் பார்த்து ஆசைப்பட்டுத் துப்பாக்கி எடுக்கும் பிள்ளைகள் நம் பக்கம் பெருக வேண்டும். அவர்கள் கையில் முதல் நாளே நல்ல பெல்லட் இருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

வாங்கும் முன் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். 2016 ஆயுத விதிகளின்படி குழல் 4.5 மி.மீ.க்கு மேல் இருந்தாலோ ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டினாலோ உரிமம் வேண்டும். ஆகவே 5.5 மி.மீ. டப்பா மலிவாகக் கிடைத்தாலும் தொட வேண்டாம், உங்கள் 4.5 குழலுக்குள் அது போகவும் போகாது. வெளிநாட்டு டப்பா சிலவற்றின் மேல் முயல், புறா படம் போட்டு 'ஹன்டிங்' என்று அச்சிட்டிருப்பார்கள். அது அந்த ஊர்ச் சட்டத்துக்கு. இங்கே 1972 வன உயிரினச் சட்டம் இருக்கிறது. மான் வேட்டை மட்டும்தான் குற்றம், கொக்கையும் மைனாவையும் அடிக்கலாம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவையும் அதே சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவைதான். இந்த விமர்சனம் அட்டைக்கும் தகர டப்பாவுக்கும் மட்டும்.

இனி பெல்லட்டுக்கு வருவோம். பத்து மீட்டருக்குத் தட்டைத் தலை பெல்லட்டைத் தவிர வேறெதுவும் வேண்டாம். அட்டையில் பஞ்சிங் மெஷின் போட்டதுபோல் வட்டமாக வெட்டும், மதிப்பெண் பார்ப்பதில் சண்டை வராது. உருண்டைத் தலை பெல்லட் பேப்பரைக் கிழித்துக்கொண்டு போகும், ஓட்டையின் ஓரம் எங்கே என்றே தெரியாது. கூர்முனைப் பெல்லட்டைப் பார்த்து மயங்குபவர்கள் நிறைய. முனை ஒரு நூல் கோணினாலும் பறக்கும்போது ஆடும். பத்து மீட்டரில் அதனால் ஒரு லாபமும் இல்லை.

ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10 மேட்ச், ரைஃபிளுக்கான 0.53 கிராம் வகை. ஜெர்மன் தயாரிப்பு. அழுத்தக் காற்றில் இயங்கும் மேட்ச் ரைஃபிள், அதாவது போட்டிக்கான ரைஃபிள் வைத்திருப்பவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். 7.5 ஜூல் ஆற்றலில் இது விநாடிக்கு ஏறக்குறைய 168 மீட்டர் வேகத்தில் கிளம்பும். டப்பாவைத் திறந்து பத்து பெல்லட்டைக் கண்ணாடிமேல் நிறுத்தி லென்ஸ் வைத்துப் பாருங்கள்: தலையின் விளிம்பு ஒரே கோடாக இருக்கும், ஸ்கர்ட்டுக்குள், அதாவது பாவாடை போல விரிந்த பின்பகுதிக்குள், ஈயத்தூள் இருக்காது. இதே பெயரில் 0.45 கிராமிலும் ஒரு வகை வருகிறது, அது பிஸ்டலுக்கு. டப்பா ஒரே மாதிரி தெரியும், எடையைப் படித்து வாங்குங்கள்.

எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச்சும் அதே தரம். இதன் பெரிய வசதி, தலையின் விட்டம் 4.49, 4.50, 4.51 என்று தனித்தனியாகக் கிடைப்பது. ஆர்10 உங்கள் குழலுக்கு ஒத்துவரவில்லை என்றால் அடுத்த முயற்சி இதுதான். இரண்டில் எது உசத்தி என்று கேட்பதில் பொருளில்லை. ஒரே கம்பெனியின் ஒரே மாடல் ரைஃபிள் இரண்டு இருந்தால்கூட ஒன்றுக்கு இதுவும் மற்றொன்றுக்கு அதுவும் பிடிக்கலாம்.

ஸ்பிரிங் ரைஃபிள், அதாவது குழலை மடக்கி லோடு செய்யும் வகை வைத்திருப்பவர்களுக்கு என் சிபாரிசு ஆர்.டபிள்யூ.எஸ். ஹாபி, 0.45 கிராம். பெயர் சாதாரணமாக இருக்கிறதே என்று ஒதுக்க வேண்டாம். அதன் ஸ்கர்ட் மெல்லியது, சுட்டவுடன் காற்றழுத்தத்தில் விரிந்து குழலின் உட்புறச் சுருள் வரிகளைப் பிடித்துக்கொள்ளும், கொஞ்சம் தளர்ந்த குழலிலும் காற்று கசியாது. ஆர்10 விலையைக் கொடுத்து ஸ்பிரிங் துப்பாக்கியில் போடுவது பெரும்பாலும் வீண். பிஸ்டனின் உதறலே பெல்லட்டின் வித்தியாசத்தைவிடப் பெரிது.

ஜே.எஸ்.பி. எக்ஸாக்ட், 0.547 கிராம், உருண்டைத் தலை. தோப்பில் 20, 25 மீட்டரில் தகரம் வைத்துப் பழகுபவர்களுக்கு இது அருமை. தட்டைத் தலை அந்தத் தூரத்தில் காற்றில் வேகம் இழந்து கடற்காற்றுக்கு ஒதுங்கிவிடும். வெள்ளிக் கடற்கரைப் பக்கம் மாலையில் வீசும் காற்றைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எடை போட்டு விற்கும் மலிவுப் பெல்லட்டுகள், பலூன் சுடும் கடைகளில் போடுகிறார்களே, அந்த ரகம். பலூனுக்குப் போதும். ஆனால் ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள்: ஸ்கர்ட்டின் ஓரத்தில் மயிரிழை போல ஈயம் நீட்டிக்கொண்டிருக்கும், சிலவற்றில் தலையின் நடுவில் மேடு, சில நசுங்கி முட்டை வடிவம். நகைக்கடைத் தராசில் இருபதை ஒவ்வொன்றாக எடை போட்டால் எண் ஏறி இறங்குவது அப்படியே தெரியும். பழகும் பிள்ளைக்கு இதைக் கொடுக்காதீர்கள். தவறு தன் மூச்சிலா, விரலிலா, குண்டிலா என்று அவனுக்குத் தெரியாமலே போய்விடும்.

தேர்வு செய்யும் முறை இதுதான். முதலில் விரலால் லோடு செய்து பார்க்க வேண்டும். நல்ல பொருத்தம் என்றால் லேசான எதிர்ப்புடன் உள்ளே அமரும். தானாக விழுந்தால் தளர்வு. ஸ்கர்ட் மடங்கும் அளவுக்கு அழுத்த வேண்டியிருந்தால் இறுக்கம். பிறகு ரைஃபிளை மணல் மூட்டைமேல் வைத்துச் சுடுங்கள். மேட்ச் ரைஃபிள் என்றால் அசையாமல் இருத்தலாம். ஸ்பிரிங் ரைஃபிளை மூட்டைமேல் இறுக்கி அழுத்தினால் குறி இடம் மாறும், உள்ளங்கையைக் கீழே வைத்து அதன்மேல் தளர்வாகத் தாங்குங்கள். வேறு பெல்லட்டுக்கு மாறும்போது முதல் பதினைந்து குண்டுகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம், முந்தைய ஈயப்படிவம் போய்ப் புதியது படிய அவ்வளவு வேண்டும். அதற்குப் பிறகு ஐந்தைந்தாக ஐந்து குழுக்கள். ஓட்டைக் கூட்டத்தின் வெளி அகலத்தை வெர்னியரில் அளந்து 4.5ஐக் கழித்தால் மையத்துக்கு மையம் கிடைக்கும். மேட்ச் ரைஃபிளில் அது 1 மி.மீ.யை ஒட்டி வந்தால் தேடலை நிறுத்திவிடலாம். ஒரே ஒரு குழு அழகாக விழுந்ததை நம்பி முடிவு செய்ய வேண்டாம்.

தனி ஆளாக நாலு வகை டின் வாங்குவது கையைக் கடிக்கும். ஒரு டின்னில் 500 இருக்கிறது. கூடப் பழகும் நாலைந்து பேர் ஆளுக்கு ஒரு வகை வாங்கி ஐம்பது ஐம்பதாகப் பங்கிட்டுக்கொண்டால் எல்லோருக்கும் சோதனை முடிந்துவிடும். உங்கள் குழலுக்குப் பிடித்தது தெரிந்ததும் டின்னின் அடியில் உள்ள பேட்ச் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணில் எத்தனை கிடைக்குமோ அத்தனை வாங்குங்கள். அச்சு தேய்ந்து மாற்றும்போது அதே பெயரில் வரும் பெல்லட் வேறு மாதிரி சுடும்.

வாங்கிய பிறகு அதைக் காப்பதுதான் நம் ஊரில் பெரிய வேலை. கடலோர ஈரத்தில் ஈயம் மங்கும், பிறகு வெள்ளைப் பொடி பூக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்து வைத்த டின் சீக்கிரம் கெட்டுவிடும். மர அலமாரியிலும் அட்டைப் பெட்டியிலும் வைப்பதுதான் எல்லோரும் செய்வது. அதுவே கெடுதல். மரத்திலிருந்தும் அட்டையிலிருந்தும் கசியும் அமிலவாடை ஈயத்தை அரிக்கும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன், டின்னோடு வைத்துவிடுங்கள். வெள்ளை பூத்ததை ஊதியோ தேய்த்தோ பயன்படுத்தக் கூடாது, அந்தப் பொடி நஞ்சு.

சுடுவதற்கு முன் பெல்லட்டைக் கண்ணாடிமேல் உருட்டுங்கள். நல்லது வழுக்கிக்கொண்டு வளைந்து ஓடும், ஸ்கர்ட் நசுங்கியது தட்டித் தட்டி நிற்கும். நசுங்கியதைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். பெல்லட்டுக்கு எண்ணெய் தடவும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஸ்பிரிங் ரைஃபிளில் அந்த எண்ணெய் அழுத்தத்தில் பற்றி வெடிக்கும், வேகம் ஒவ்வொரு குண்டுக்கும் மாறும், சீலும் போகும். பெல்லட் இல்லாமல் ஸ்பிரிங் ரைஃபிளைச் சுட்டுப் பார்ப்பதும் வேண்டாம். பிஸ்டனைத் தாங்கக் காற்று மெத்தை இல்லாமல் அது நேராகப் போய் முட்டும்.

அடுத்த குண்டை உதட்டில் கவ்விக்கொள்ளும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் பார்த்த அன்றே நிறுத்துங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் தண்ணீர் பாட்டில்கூட. இலக்குக்குப் பின்னால் சுவர் இருந்தால் போதாது. தட்டைப் பெல்லட் சிமென்ட்டில் பட்டால் திரும்பி வரும். பழைய துணியை இறுக்கி அடைத்த மரப்பெட்டி, அதன் பின்பலகையில் இரும்புத் தகடு, எல்லோர் கண்ணிலும் கண்ணாடி. பெட்டியில் சேரும் ஈயத்தை வீட்டு அடுப்பில் உருக்க வேண்டாம். மூடிய டப்பாவில் சேர்த்து வைத்துப் பழைய பேட்டரி எடுக்கும் கடையில் போட்டுவிடலாம்.