ரோடன்பாக்: கிளாசிக்கா, கிராண்ட் க்ரூவா?

பிரான்சிலிருந்து லீவில் வந்த மச்சான் இரண்டு ரோடன்பாக் பியர் போத்தல்கள் கொண்டுவந்தார். ஒன்று கிளாசிக், மற்றது கிராண்ட் க்ரூ. அடுத்த முறை எது வேண்டும் என்று கேட்டதால், கிளிநொச்சி வீட்டு முற்றத்தில் ஒரே பின்னேரம் இரண்டையும் திறந்தோம். எனக்குக் கிராண்ட் க்ரூதான்.

இரண்டுமே பெல்ஜியத்தின் ருசெலாரே நகரத்துச் செம்பழுப்புப் புளிப்புப் பியர்கள். கிளாசிக் 5.2 வீத மதுசாரம், மற்றது 6 வீதம். விலையும் கிராண்ட் க்ரூவுக்குத்தான் கூட.

வித்தியாசம் கலவையில் இருக்கிறது. பெரிய ஓக் பீப்பாய்களில் இரண்டு வருடம் கிடந்த பியரைப் புதிய பியரோடு கலக்கிறார்கள். கிளாசிக்கில் நாலில் ஒரு பங்குதான் பழையது. கிராண்ட் க்ரூவில் மூன்றில் இரண்டு பங்கு. பனங்கள்ளுக் குடித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விடிய இறக்கிய கள்ளு இனிக்கும், பொழுதுபட்டால் புளிக்கும். முட்டிக்குள் மதுவமும் பற்றீரியாவும் ஒரு நாளில் செய்வதை, ஓக் மரத்துக்குள் அவை ஆறுதலாகச் செய்கின்றன. பெரியப்பா இரண்டிலும் ஒவ்வொரு வாய் குடித்துவிட்டு, "தம்பி, இது காலைக் கள்ளு, அது பின்னேரக் கள்ளு" என்றார். அதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆனால் என் முடிவுக்குக் காரணம் எங்கள் வெக்கை. பிரிட்ஜிலிருந்து எடுத்த பியர் இங்கே பத்து நிமிடத்தில் குளிர் விட்டுவிடும். குளிராக இருந்தவரை கிளாசிக் அருமை: செரிப்பழ வாசம், மெல்லிய புளிப்பு. சூடேறியதும் இனிப்பு மட்டும் நாக்கில் நின்றது, கடைசி அரை கிளாஸ் இறங்கவில்லை. கிராண்ட் க்ரூவோ குளிர் விட்ட பிறகுதான் வாய் திறந்தது. முதலில் வினாகிரி போலக் குத்திய புளிப்பு தணிந்து, மரவாசமும் காய்ந்த பழத்தின் ருசியும் மேலே வந்தன. இரணைமடுக் குளத்து மீன் பொரியலின் எண்ணெய்ப் பிசுக்கை ஒவ்வொரு மிடறும் கழுவிக்கொண்டு போனது. மெதுவாகக் கதைத்துக் கதைத்துக் குடிக்கிற எங்கள் பழக்கத்துக்கு இதுதான் தாங்கும்.

குடித்தது ஒவ்வொரு போத்தல்தான், அதுவும் இரண்டு நாள் பிரிட்ஜில் இருந்தவை. தகரக் கூரைக்குக் கீழே மாதக்கணக்கில் வைத்துக் குடித்த அனுபவம் எனக்கில்லை. அப்படி வைக்கவும் சொல்லமாட்டேன். புளிப்பே ஆகாதவர்களுக்குக் கிளாசிக் நல்லது, நன்றாகக் குளிரவைத்துச் சின்னக் கிளாஸில் ஊற்றினால். மச்சானுக்கு அதுதான் பிடித்தது. எனக்கு வாற ஆவணிக்கு நாலு கிராண்ட் க்ரூ சொல்லியிருக்கிறேன்.